குறுக வேண்டியது வேலையில், வாடிக்கையாளரில் அல்ல

சிறுதொழில் நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் யாரும் மறுத்துப் பேசாத ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் கை வைக்காதே, ஒரு பொருளைப் பிடி, அதை வாங்கும் ஒரு பெரிய கம்பெனியைப் பிடி, அதிலேயே நிலைத்து வளர், அதுதான் உன் தனிக்களம் என்பது அது. வங்கி மேலாளர் சொல்கிறார். தொழில்முனைவோர் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். வணிக இதழ்களின் வெற்றிக் கதைகளும் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடிகின்றன. சென்னை மண்ணூர்பேட்டையில் சி.டி.எச். சாலையை ஒட்டிய தெருக்களிலும், அங்கிருந்து விரியும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் லேத்து, மில்லிங், கிரைண்டிங், பிரஸ் ஷாப், பிளேட்டிங் என்று பிழைக்கும் பட்டறைக்காரர்கள் பலர் இதை நம்பித்தான் அடுத்த மெஷினுக்குக் கடன் வாங்குகிறார்கள். இந்த அறிவுரை தவறு. குறுகிய களம் ஒன்று வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எதில் குறுகுவது என்ற கேள்விக்கு அது தரும் விடையை மறுக்கிறேன். பொருளாலும் வாடிக்கையாளராலும் தன்னைக் குறுக்கிக்கொண்ட பட்டறையின் ஆயுள் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. செய்கிற வேலையின் திறமையால் குறுக்கிக்கொண்டு, அந்த வேலை யார் யாருக்குத் தேவையோ அத்தனை பேரிடமும் போகிற பட்டறைக்குத்தான் வளர்ச்சி தன் கையில் நிற்கும்.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் கோளாறு பாதி புரிந்துவிடும். மைக்கேல் போர்ட்டர் 1980இல் வெளியிட்ட போட்டி உத்தி பற்றிய நூலில், நிறுவனத்துக்கு இருக்கும் மூன்று வழிகளில் ஒன்றாகக் குறுகிய களத்தில் குவிவதைச் சொன்னார். அதே காலத்தில் ஆல் ரீஸும் ஜாக் டிரவுட்டும், வாங்குபவர் மனத்தில் ஒரு பெயர் ஓர் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற கருத்தைப் பரப்பினார்கள். குளிர்பானம், பற்பசை, வாடகைக் கார் என்று கோடிக்கணக்கான பேர் வாங்கும் பொருட்களுக்கு இந்தக் கருத்து நன்றாகவே பொருந்துகிறது. அங்கே ஒரு வாடிக்கையாளர் போனால் நிறுவனம் அசைவதில்லை. பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு உறுப்பு செய்துதரும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரோ மூன்று கொட்டேஷன்களை மேசைமேல் வைத்துக்கொண்டு ரேட்டைக் குறைக்கச் சொல்லும் ஒரு பர்ச்சேஸ் அதிகாரி. அவர் மனத்தில் இடம் பிடிப்பதற்கும் அவர் பிடிக்குள் சிக்குவதற்கும் இடைவெளி மிகக் குறைவு. கோடி வாடிக்கையாளர் உள்ள சந்தைக்காக எழுதிய விதியை ஒரே வாடிக்கையாளர் உள்ள பட்டறைக்கு அப்படியே பொருத்தியதுதான் முதல் பிழை.

அம்பத்தூரின் வரலாறு இந்தப் பிழைக்கு வசதியாக அமைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பக்கத்துப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வாகன உறுப்புத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. கிண்டிக்கு அடுத்து 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானபோது, இந்தப் பெரிய ஆலைகளுக்கும் எண்ணூர் அசோக் லேலண்டுக்கும் சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்துதரும் வேலை அதற்கு இயல்பாகவே அமைந்தது. உரிமமும் இறக்குமதித் தடையும் இருந்த நாட்களில் ஓர் ஆலையோடு ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனமாகவே இருந்தது, ஏனென்றால் அந்த ஆலைக்கும் வேறு போக்கிடம் இல்லை. போதாததற்கு, 1967 முதல் சில பொருட்களைச் சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று அரசே ஒதுக்கிக் கொடுத்தது. ஒரு கட்டத்தில் அந்தப் பட்டியல் 800 பொருட்களையும் தாண்டியது. சட்டமே வேலி போட்டுக் கொடுத்த தனிக்களம் அது. 1990களுக்குப் பிறகு வேலி துண்டு துண்டாகப் பிரிந்து, 2015 ஏப்ரலில் கடைசி 20 பொருட்களும் பட்டியலிலிருந்து நீங்கின. பொருளை நம்பி நின்றவர்களுக்கு அதன்பின் எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பொருளைச் செய்த நாட்களில் கையில் ஏறிய தொழில்நுட்பத்தை நம்பியவர்களுக்கு அது மிஞ்சியது. அரசாங்க முத்திரையோடு வந்த களமே நிலைக்கவில்லை என்றால், ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டரால் வந்த களம் நிலைக்கும் என்று எப்படி நம்புவது?

நிலைக்காது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகளே போதும். 2019இல் நாடு முழுவதும் வாகன விற்பனை சரிந்தபோது, ஆகஸ்டில் பாடி சுந்தரம் கிளேட்டன் ஆலை இரண்டு நாட்களை உற்பத்தி இல்லாத நாட்களாக அறிவித்தது. செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்டு 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. பெரிய ஆலைக்கு அது கையிருப்பைச் சரிசெய்யும் ஏற்பாடு. அதை மட்டுமே நம்பி இரண்டு ஷிஃப்டு ஓட்டிய பட்டறைக்கோ ஷெட் வாடகையும் கடன் தவணையும் ஓடிக்கொண்டிருக்க, வருமானம் மட்டும் நின்றுபோன மாதம். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறுஆண்டு மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி முடிந்தது. முடிவு எடுத்தது அமெரிக்காவில். இங்கே உறுப்பு செய்துகொடுத்தவரின் தரத்திலோ நேரம் தவறாமையிலோ ஒரு குறையும் இல்லாமலேயே அவர் வேலை போனது.

ஸ்ரீபெரும்புதூர் இதைவிடத் தெளிவான பாடம். 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி இருந்த ஃபாக்ஸ்கானின் பிரிவும் அந்த ஆண்டு முடிவதற்குள் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே சார்ஜர் செய்துவந்த சால்காம்ப் என்ற பின்லாந்து நிறுவனமோ பிழைத்தது. நோக்கியாவுக்கு உறுப்பு கொடுப்பது என்பதோடு அது தன் வேலையை நிறுத்திக்கொள்ளவில்லை. கைபேசி சார்ஜர் என்ற ஒரு வேலையில் தேர்ந்து, அதைப் பல பிராண்டுகளுக்கும் செய்துகொடுத்தது. 2019இல் மூடிக்கிடந்த நோக்கியா ஆலையையே சால்காம்ப் வாங்கப்போகிறது என்று மத்திய அமைச்சர் அறிவித்தார். ஃபாக்ஸ்கானின் அந்தப் பிரிவு, சால்காம்ப் இரண்டுமே குறுகியவைதான், ஆனால் ஒன்று வாடிக்கையாளரில் குறுகியிருந்தது, மற்றது வேலையில் குறுகியிருந்தது. ஒரே வளாகத்தில், ஒரே இடி விழுந்தபோது, யார் நின்றார்கள் என்பதைப் பார்த்தாலே போதும். சால்காம்ப் சிறுதொழில் இல்லை என்பது உண்மை. ஆனால் பெரிய நிறுவனத்தையே சாய்க்கக்கூடிய சார்பு பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையை விட்டுவைக்கும் என்று வாதிட முடியாது.

வாடிக்கையாளர் போவது ஒரு ஆபத்து என்றால், பொருளே இல்லாமல் போவது இன்னொன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபோது, இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறின. கார்புரேட்டருக்குள் பித்தளையில் செய்த ஜெட் என்ற சின்ன உறுப்பு இருக்கும். அதன் நடுவே ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் அளக்கும் துளை. துளை கொஞ்சம் பெரிதானால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், கொஞ்சம் சிறிதானால் வண்டி திணறும். இந்த ஜெட்டைச் செய்கிற பட்டறை தன்னைப் பற்றி எப்படி நினைத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் கார்புரேட்டர் ஜெட் செய்கிறவர்கள் என்று நினைத்தால், விதி மாறிய அன்றே அதன் தொழில் முடிகிறது. பித்தளையில் பிசிறில்லாமல், ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக நுண்துளை போடுகிறவர்கள் நாங்கள் என்று நினைத்தால், எரிவாயு அடுப்பின் ஜெட், வெல்டிங் டார்ச்சின் நாசில், மருந்து தெளிப்பானின் நாசில், மருத்துவக் கருவிகளின் வாயு இணைப்புகள் என்று அதே கைத்திறனுக்குக் கதவுகள் இருக்கின்றன. மெஷின் அதே மெஷின், ஆள் அதே ஆள். தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதும் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்பதும்தான் மாறுகின்றன.

இப்படி வளர்ந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சான்றுகள் உண்டு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது, அதிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. தீக்குச்சி மருந்தைக் கையாண்ட பழக்கம் பட்டாசுக்குக் கொண்டுபோனது. தீப்பெட்டிதான் எங்கள் தனிக்களம் என்று அந்த ஊர் அங்கேயே நின்றிருந்தால் நாட்டின் காலண்டரும் டைரியும் அங்கே அச்சாகியிருக்காது. மண்ணூர்பேட்டைக்கு இன்னும் பக்கத்தில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது சைக்கிள் கம்பெனி. சைக்கிளுக்குக் குழாய் வேண்டும் என்று 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது, 1960இல் செயின் தொழிற்சாலை வந்தது. குழாய் இழுக்கத் தெரிந்ததும் அது மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பருக்குப் போனது. தகட்டை வடிவமைக்கத் தெரிந்ததும் அது கார்க் கதவுச் சட்டத்துக்கும் ரயில் பெட்டிக்கும் போனது. எஃகை உருட்டி, இழுத்து, வளைக்கும் வேலையிலிருந்து அந்த வளர்ச்சி அதிக தூரம் விலகவில்லை. வாங்குபவர்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது செலவுக் கணக்கு. ஒரே உறுப்பை லட்சக்கணக்கில் செய்தால்தான் ஒரு துண்டின் விலை இறங்கும், அதற்கென்று தனி மெஷின் போடலாம், ரிஜெக்‌ஷன் குறையும், ஆட்களுக்குக் கை பழகும், பல பேருக்குப் பல வேலை செய்தால் செட்டிங் மாற்றியே நேரம் போய்விடும் என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாகனத் தொழிலில் ஆண்டுதோறும் உறுப்பின் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும் வழக்கம் ஊறிப்போனது. செலவு குறைவது தெரிந்த மறுநாளே அந்தக் குறைவு வாங்குபவரின் கணக்குக்கு நகர்கிறது. பட்டறைக்காரரிடம் மிஞ்சுவது அந்த உறுப்பை மட்டுமே செய்யத் தெரிந்த தனி மெஷின், அதை வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள். அதே பணத்தில் விஎம்சி என்ற கணினிவழி மில்லிங் மெஷினோ பொதுப் பயன் கிரைண்டிங் மெஷினோ போட்டு, செட்டிங் நேரத்தைக் குறைக்கும் ஃபிக்சர்களில் மூளையைச் செலவிட்டால் துண்டுக்கு இரண்டு காசு கூடுதலாகலாம். அந்த இரண்டு காசைப் பேரம் பேசும் பலத்துக்குக் கொடுக்கும் விலையாக நான் பார்க்கிறேன், அது மலிவான விலை.

இன்னொரு மறுப்பு படித்தவர்கள் சொல்வது. ஜெர்மனியின் நடுத்தர நிறுவனங்களைப் பாருங்கள், ஒரே பொருளில் நின்று உலகையே பிடித்தவர்கள் என்று ஹெர்மான் சைமன் 1990களில் எழுதியதை எடுத்துக் காட்டுகிறார்கள். வெளியில் பெயர் தெரியாமல் உலகச் சந்தையில் முதலிடம் பிடித்த நிறுவனங்களைப் பற்றி அவர் எழுதினார். ஆனால் அவர் எழுதியதன் இரண்டாம் பாதியை நம் ஊரில் விட்டுவிடுகிறோம். அந்த நிறுவனங்கள் பொருளில் குறுகியவை, சந்தையில் மிக அகன்றவை. பல நாடுகளில் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டுதான் அவை ஒரே பொருளில் நிற்கத் துணிந்தன. நம் பட்டறைக்காரருக்கு நாம் சொல்வது பொருளிலும் குறுகு, வாடிக்கையாளரிலும் குறுகு என்பது. இரண்டிலும் குறுகிய நிறுவனத்தை சைமன் போற்றவில்லை. பாடியில் 1966இல் போல்ட்டு, நட்டு செய்யத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி கொடுத்த கதையையும் இங்கே அடிக்கடி சொல்வார்கள். அந்த மூடி, பல வாகன நிறுவனங்களுக்கு ஏற்கெனவே போல்ட்டு கொடுத்துவந்த நிறுவனத்தின் மேல் வந்து சேர்ந்த வேலை. மூடியை நம்பி நிறுவனம் எழவில்லை.

சார்பின் விலை பணம் வரும் நேரத்திலும் தெரிகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017 அக்டோபரில் சமாதான் இணையதளமும் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் விற்பனையில் எண்பது விழுக்காட்டை ஒரே கம்பெனிக்குக் கொடுக்கும் பட்டறை அந்தக் கம்பெனி மேல் எப்படிப் புகார் கொடுக்கும்? வட்டி கிடைக்கலாம், அடுத்த ஆர்டர் கிடைக்காது. இந்தக் குறையை உணர்ந்துதான் 2023 நிதிச் சட்டத்தில், குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையைப் பணம் கொடுத்த ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதியைச் சேர்த்தார்கள். அதுவும் உதவும், ஓரளவுக்கு. வேறு இடத்தில் விற்க முடிந்தவனுக்குத்தான் உரிமை பயன்படும். நான்கு வாடிக்கையாளர் உள்ளவர் நான்கில் ஒருவரிடம் கறாராகப் பேசலாம், ஒருவரே உள்ளவர் காத்திருப்பார்.

இப்போது அறிவுரை புது உடை போட்டு வருகிறது. பெட்ரோல் எஞ்சின் போகப்போகிறது, மின்வாகன உறுப்புக்கு மாறுங்கள். 2018இல் அறிவித்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்துவிட்டது, ராணுவ உறுப்புக்கு மாறுங்கள். மாறுவதில் தவறில்லை. ஆனால் ஒரு மின்வாகனக் கம்பெனிக்காக ஒரு மோட்டார் ஹவுசிங்கில் முழுப் பட்டறையையும் அடகு வைப்பது, பழைய பிழையைப் புதிய பொருளின் பெயரில் மறுபடி செய்வதாகும். ராணுவ வேலைக்கும் இதுவே பொருந்தும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து பீரங்கி வண்டிகளைச் செய்துவருகிறது. 2021 அக்டோபரில் அது தனி அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. இத்தகைய வேலைக்கு டாலரன்ஸ் கடுமை, ஆவணங்கள் அதிகம், ஆர்டர் அரசின் முடிவுக்கு ஏற்பக் கூடும் குறையும். கடின எஃகில் துல்லியமாக வேலை செய்யக் கற்றுக்கொள்ள அது சிறந்த வாடிக்கையாளர். பட்டறையின் ஒரே வாடிக்கையாளராக இருக்கத் தகுந்ததில்லை.

சின்ன முதலாளிக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். அவரே மெஷின் அருகே நிற்கிறார், அவரே பேங்குக்குப் போகிறார், ஜிஎஸ்டி கணக்கையும் அவரே பார்க்கிறார். நியாயமான கேள்வி. இங்கேதான் தொழிற்பேட்டைச் சங்கங்களின் கடமை வருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சென்னை வர்த்தக மையத்தில் நடத்தும் அக்மி கண்காட்சி, புது மெஷின்களைக் கண்முன் கொண்டுவருவதில் நாட்டிலேயே பெயர் பெற்றது. அதே அக்கறையோடு, எந்தப் பட்டறைக்கு எந்த வேலை எவ்வளவு நுணுக்கமாக வரும் என்று வேலை வாரியாக ஒரு பட்டியலும், ஜவுளி இயந்திரம், பம்பு, மருத்துவக் கருவி, ரயில்வே என்று வாகனத்துக்கு வெளியே உள்ளவர்கள் வந்து பார்க்கும் நாட்களும் வேண்டும். அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, மனை ஒதுக்குவதோடு நிற்காமல் இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, பெரிய கம்பெனியின் ஒரு ஆர்டர் கடிதத்தைப் பாதுகாப்பாகக் கருதும் பழக்கத்தை விட்டு, எத்தனை வாடிக்கையாளர் என்று முதலில் கேட்க வேண்டும்.

அதுவரை பட்டறைக்காரர் தானே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த மெஷினுக்கு மார்ஜின் பணம் கட்டுவதற்கு முன், கடந்த மூன்று ஆண்டு இன்வாய்ஸ்களை எடுத்து மேசைமேல் வையுங்கள். உங்கள் பட்டறையில் மற்றவர்களைவிட நன்றாக நடக்கும் வேலை எது என்று ஒரு வரியில் எழுதுங்கள், அந்த வரியில் எந்தப் பொருளின் பெயரும் எந்தக் கம்பெனியின் பெயரும் வரக்கூடாது. பிறகு விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பெயருக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் மெஷினை ஓர் ஆண்டு தள்ளிவைத்து, அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடிப் போங்கள்.